கடதாசியில் பிரிந்த பொட்டு எந்தச் சாயம்?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் கேட்டிருக்கிறார். மகள் 11ஆம் தரத்தில் படிக்கிறாள். பாடசாலை ஒப்படைக்காகக் கறுப்பு மார்க்கர் மையைக் கடதாசி நிறப்பகுப்பு முறையில், அதாவது கடதாசியில் கரைப்பானை ஏறவிட்டு, பிரித்தாள். நீலம், ஊதா, மஞ்சள் என்று மூன்று பொட்டுகள் வந்தன. நீலப் பொட்டின் ஆர்எஃப் பெறுமானம் (பொட்டு சென்ற தூரத்தைக் கரைப்பான் சென்ற தூரத்தால் வகுத்தது) 0.62. இணையத்தில் கண்ட அட்டவணையிலோ ஒரு நீலச் சாயத்துக்கு 0.70 என்று இருக்கிறது. யார் பிழை? இதே முறையில், புறக்கோட்டையில் வாங்கும் இனிப்புகளிலும் மஞ்சள் தூளிலும் என்ன நிறமூட்டி இருக்கிறது என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க முடியுமா?

முதல் கேள்விக்கு விடை: இருவரும் சரியாக இருக்கலாம். உருகுநிலை, கொதிநிலை போல ஆர்எஃப் ஒரு பொருளுக்கு மட்டுமே உரிய எண் அன்று. அந்தப் பொருள், அந்தக் கடதாசி, அந்தக் கரைப்பான், அந்தப் போத்தல், அன்றைய வெப்பநிலை எல்லாம் சேர்ந்து தரும் எண் அது. அட்டவணையைத் தயாரித்தவரின் கடதாசியும் கரைப்பானும் உங்கள் மகளுடையவை அல்ல. ஆகவே அந்த 0.70ஐ வைத்து அவளுடைய நீலத்துக்குப் பெயர் சூட்ட முடியாது. அவளுடைய அளவீடு பிழை என்றும் சொல்ல முடியாது. பெயர் சூட்ட ஒரே வழி, பெயர் தெரிந்த சாயத்தை அதே கடதாசியில் பக்கத்திலேயே வைத்து ஓட்டுவது. இரண்டாவது கேள்விக்கும் விடை இதிலேயே அடங்கியிருக்கிறது. ஆனால் அதற்கு முன் கடதாசியில் என்ன நடக்கிறது என்று பார்ப்பது நல்லது.

கடதாசி என்பது செலுலோசு நார்களின் பின்னல். செலுலோசில் ஐதரொட்சில் கூட்டங்கள் நிறைய உண்டு. அவை ஐதரசன் பிணைப்பால் நீர் மூலக்கூறுகளைப் பிடித்து வைத்திருக்கின்றன. தொட்டால் காய்ந்ததாகத் தெரியும் கடதாசியிலும் நீர் இருக்கிறது. கொழும்புக் காற்றின் ஈரப்பதனில் அது இன்னும் சற்று அதிகம். பியூற்றனோல் போன்ற ஒரு கரைப்பான் மயிர்த்துளைக் கவர்ச்சியால் இந்த நார்களூடே ஏறும்போது, பொட்டில் உள்ள ஒவ்வொரு மூலக்கூறும் ஒரு கணம் நாரோடு ஒட்டிய நீரில் இருக்கிறது, மறுகணம் ஓடும் கரைப்பானில் இருக்கிறது. கரைப்பானில் இருக்கும்போது கரைப்பானின் வேகத்தில் நகர்கிறது. நீரில் இருக்கும்போது நகர்வதே இல்லை. ஆர்எஃப் 0.62 என்றால், ஏறத்தாழ நூற்றுக்கு அறுபத்திரண்டு பங்கு நேரத்தை அந்த மூலக்கூறு ஓடும் கரைப்பானில் கழித்திருக்கிறது என்று பொருள். பொட்டு சென்ற தூரத்தைக் கரைப்பான் சென்ற தூரத்தால் வகுக்கும் அந்த எளிய கணக்கின் உள்ளே இருப்பது இதுதான்.

பாடப்புத்தக விளக்கம் பெரும்பாலும் நீருக்கும் கரைப்பானுக்கும் இடையிலான இந்தப் பங்கீட்டோடு நின்றுவிடும். ஆனால் உங்கள் மகள் கரைப்பானாகத் தண்ணீரையே பயன்படுத்தியிருந்தால், ஓடுவதும் நீர், ஒட்டியிருப்பதும் நீர். அங்கே பங்கீடு என்ற விளக்கம் மட்டும் போதாது. சாய மூலக்கூறு செலுலோசு நாரின்மேல் நேரடியாக எவ்வளவு ஒட்டுகிறது என்பதே அங்கே முக்கியம். தண்ணீரில் சிறிது உப்புப் போட்டால் சாயங்கள் பொதுவாக நாரை அதிகம் நாடும். பருத்தித் துணிக்குச் சாயமிடுபவர்கள் தொட்டியில் உப்புச் சேர்ப்பதும் இதே காரணத்துக்காகத்தான். தண்ணீரோடு முழுதாக மேலே ஓடிப்போய்ப் பிரியாமல் நிற்கும் சாயங்களைப் பிரிக்க, நூற்றுக்கு ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவான உப்புக் கரைசல் பல நேரங்களில் போதுமானது. இதைப் பரிசோதித்துப் பார்ப்பதே நல்ல ஒப்படையாக இருக்கும். ஒரே மையைத் தண்ணீரிலும் உப்புநீரிலும் ஓட்டி, எந்தப் பொட்டு எவ்வளவு பின்தங்கியது என்று பார்க்கட்டும். "மை மூன்று நிறங்களாகப் பிரிந்தது" என்று எழுதும் வழக்கமான ஒப்படையைவிட அதில் சிந்திக்க நிறைய உண்டு.

இப்போது செய்முறை. பெரும்பாலான குழப்பங்கள் இங்கேதான் பிறக்கின்றன.

வட்மன் 1ஆம் இலக்க வடிதாள் கிடைத்தால் அதுவே சிறந்தது. பாடசாலை ஆய்வுகூடத்தில் இருக்கும். கிடைக்காவிட்டால் கோப்பி வடிக்கும் வெள்ளைத் தாள் பரவாயில்லை. எழுதும் கடதாசியில் மை ஊறாமலிருக்கப் பசை சேர்த்திருப்பார்கள். அதில் கரைப்பான் சீராக ஏறாது. தொடக்கக் கோட்டைப் பென்சிலால்தான் கீற வேண்டும், ஏனென்றால் காரீயம் எந்தக் கரைப்பானிலும் கரையாது. பேனையால் கீறினால் அந்தக் கோடும் சேர்ந்து பிரிந்து மேலே வரும். பொட்டு இரண்டு மூன்று மில்லிமீற்றருக்கு மேல் அகலமாக இருக்கக்கூடாது. கூர்மையான பல்குச்சியால் தொட்டு, காயவிட்டு, அதே இடத்தில் மீண்டும் தொடுவது நல்லது. ஒரே தடவையில் அழுத்தி வைத்த பெரிய பொட்டு, மேலே போகும்போது நீண்ட வாலாக இழுபடும். வால் விழுந்தால் பலர் கரைப்பானைக் குறை சொல்வார்கள். என் அனுபவத்தில் பெரும்பாலும் குற்றவாளி பொட்டின் அளவுதான். கரைப்பான் மட்டம் தொடக்கக் கோட்டுக்குக் கீழே நிற்க வேண்டும், இல்லாவிட்டால் சாயம் போத்தலுக்குள்ளேயே கரைந்து போய்விடும்.

ஜாம் போத்தல் போதும், ஆனால் மூடி வேண்டும். கடதாசியை இறக்குவதற்குச் சற்று முன்னரே கரைப்பானை ஊற்றி மூடி வைத்தால், உள்ளே அதன் ஆவி நிரம்பிவிடும். திறந்த போத்தலில், அதுவும் மின்விசிறி ஓடும் அறையில், ஏறிக்கொண்டிருக்கும் கரைப்பான் கடதாசியிலிருந்தே ஆவியாகிப் போகும். அப்போது கரைப்பான் ஏறும் எல்லைக் கோடு மெதுவாகும், பொட்டுக்கோ கீழிருந்து புதிய கரைப்பான் வந்து கொண்டே இருக்கும், ஆர்எஃப் கூடிவிடும். அசற்றோன் கலந்த கரைப்பான்களில், நம் ஊர் வெக்கையில், இந்த வித்தியாசம் கணிசமானது. அட்டவணையோடு ஒத்துவராததற்குக் காரணம் தேடினால் கடதாசிக்கு அடுத்தபடி இதையே சந்தேகிப்பேன். வெளியே எடுத்தவுடன் கரைப்பான் ஏறி நின்ற எல்லையைப் பென்சிலால் குறித்துவிடவேண்டும். காய்ந்தபின் அது தெரியாது. எல்லை 8 சென்ரிமீற்றர், பொட்டின் நடுப்பகுதி 5 சென்ரிமீற்றர் என்றால் ஆர்எஃப் 0.63. நடுப்பகுதி எது என்பதில் இரண்டு மில்லிமீற்றர் இப்படி அப்படி இருந்தாலே பெறுமானம் 0.60க்கும் 0.65க்கும் இடையில் அலையும். ஆகவே மூன்றாம் தசம தானம் வரை எழுதும் பிள்ளைகளுக்கு நான் புள்ளி குறைப்பேன்.

இனி அடையாளம் காணும் விடயம். ஒரே தொடக்கக் கோட்டில் மூன்று பொட்டுகள் வையுங்கள். இடப்பக்கம் தெரியாத கலவை, வலப்பக்கம் பெயர் தெரிந்த சாயம், நடுவில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்த பொட்டு. மூன்றும் ஒரே கடதாசியில், ஒரே ஆவியில், ஒரே நேரத்தில் ஏறுகின்றன. மேலே சொன்ன தொல்லைகள் மூன்று பொட்டுகளையும் ஒரேயளவில் பாதிக்கும். நடுப்பொட்டில் அந்த நீலம் இரண்டாகப் பிளந்தால் இரண்டும் வேறு வேறு பொருள்கள், அதில் ஐயமே இல்லை. பிளக்காமல் ஒன்றாகவே நின்றால், இரண்டும் ஒன்றாக இருக்கக்கூடும், அவ்வளவுதான். அடுத்து முற்றிலும் வேறான ஒரு கரைப்பானில், உதாரணமாகத் தண்ணீர் கலந்த சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் (மருந்துக்கடை மதுசாரம்), மறுபடி ஓட்டிப் பாருங்கள். அங்கேயும் பிளக்காவிட்டால் ஐயம் இன்னும் குறைகிறது. வித்தியாசத்தைக் கடதாசி உறுதியாகக் காட்டும். ஒற்றுமையை அது சந்தேகத்தோடுதான் காட்டும். இந்த ஏற்றத்தாழ்வைப் புரிந்துகொள்ளாமல் எழுதும் முடிவுரைகள்தான் ஒப்படைகளில் அதிகம்.

இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்று எண்ண வேண்டாம். கொன்ஸ்டன், கோர்டன், மார்ட்டின் ஆகிய மூவரும் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில், கம்பளியின் புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களைப் பிரிப்பதற்காக இந்தக் கடதாசி முறையை உருவாக்கி 1944 இல் வெளியிட்டார்கள். அதற்கு அடித்தளமான பங்கீட்டு நிறப்பகுப்புக்காக மார்ட்டினுக்கும் சிஞ்சுக்கும் 1952 இல் நோபல் பரிசு கிடைத்தது. இன்சுலினின் அமினோ அமில வரிசையைப் பிரித்தானிய உயிர்இரசாயனவியலாளர் சாங்கர் கண்டறிந்ததும் இந்த வடிதாள்களின் உதவியோடுதான்.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் கலிபோர்னியாவில் மெல்வின் கல்வினின் ஆய்வுகூடத்தில் நடந்த வேலை. பச்சை அல்காக்களுக்குக் கதிர்த்தொழிற்பாடுள்ள காபன் 14 கொண்ட காபனீரொட்சைட்டைச் சில விநாடிகள் மட்டும் கொடுத்து, உடனே சூடான மதுசாரத்தில் போட்டுக் கொன்று, சாற்றைக் கடதாசியின் ஒரு மூலையில் பொட்டாக வைத்து ஒரு திசையில் ஓட்டினார்கள். பின்னர் கடதாசியைத் தொண்ணூறு பாகை திருப்பி வேறு கரைப்பானில் மறுதிசையில் ஓட்டினார்கள். அதன்மேல் எக்ஸ்-கதிர்ப் படச்சுருளை வைத்தால், காபன் 14 எந்தப் பொட்டில் இருக்கிறதோ அந்த இடம் கறுக்கும். கறுத்த பொட்டு எது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? அதை வெட்டி எடுத்துக் கழுவி, பெயர் தெரிந்த பொருளோடு கலந்து மறுபடி ஓட்டினார்கள். நாம் நடுவில் வைத்த அதே கலப்புப் பொட்டு. ஒளித்தொகுப்பில் காபன் செல்லும் பாதையிலுள்ள பல பொருள்கள் இப்படித்தான் அடையாளம் காணப்பட்டன. 1961 இல் நோபல் பரிசு கல்வினுக்கு மட்டும் போனது. கடதாசி முறையை அந்தக் கூடத்தில் வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவரான பென்சனுக்கு அதில் பங்கு கிடைக்கவில்லை. எனக்கு அது இன்னும் உறுத்துகிறது.

இனிப்புகளுக்கு வருவோம். பொதிகளில் நிறமூட்டிகளின் எண்கள் அச்சிடப்பட்டிருக்கும்: 102 டார்ட்ராசின், 110 சன்செற் யெல்லோ, 122 கார்மோசின், 127 எரித்ரோசின், 133 பிரில்லியன்ட் புளூ. கேக் செய்ய வாங்கும் சிறிய நிறப் போத்தல்களில் இந்த எண் தெளிவாக எழுதியிருந்தால் அவையே உங்கள் ஒப்பீட்டுச் சாயங்கள். உப்புநீரில் பிரில்லியன்ட் புளூ கரைப்பானின் எல்லையை ஒட்டிப் போகும். எரித்ரோசின் தொடக்கக் கோட்டை விட்டு நகரவே தயங்கும். பச்சை நிறமூட்டியை ஓட்டினால் பெரும்பாலும் மஞ்சளும் நீலமுமாகப் பிரிவதைப் பார்த்து மகள் மகிழ்வாள்.

சிக்கல் இனிப்பில் உள்ள சீனியும் கொழுப்பும். சீனிப்பாகு கடதாசியின் துளைகளை அடைத்துப் பொட்டை இழுபட வைக்கும். லட்டு, பூந்தி போன்றவற்றில் உள்ள நெய்யும் எண்ணெயும் அதைவிட மோசம். இதற்கு உணவுப் பரிசோதனையில் ஒரு பழைய வழி உண்டு. இனிப்பை வெந்நீரில் கரைத்து, வினாகிரி சேர்த்து, அதில் வெள்ளைக் கம்பளி நூலைப் போட்டுக் கொதிக்க வைப்பது. மேலே சொன்ன சாயங்கள் நூலில் ஏறிக்கொள்ளும். சீனி தண்ணீரிலேயே நின்றுவிடும். நூலைக் கழுவி, ஐதான அமோனியாக் கரைசலில் சூடாக்கினால் சாயம் மறுபடி இறங்கும். அதைச் செறிவாக்கிப் பொட்டு வைக்கலாம். அமோனியா வேலையைப் பாடசாலை ஆய்வுகூடத்தில் ஆசிரியர் முன்னிலையில் செய்யட்டும். கொழும்புக் கடைகளில் "கம்பளி" என்று விற்கும் பின்னல் நூல்களில் பெரும்பகுதி அக்ரிலிக். அதில் இந்தச் சாயங்கள் ஏறமாட்டா. ஒரு நுனியைக் கொளுத்திப் பாருங்கள். மயிர் கருகும் மணம் வந்தால் கம்பளி, பிளாஸ்ரிக்போல உருகினால் அக்ரிலிக்.

உணவில் சேர்க்கவே கூடாத சாயங்களைப் பற்றித்தான் உங்கள் கவலை என்று நினைக்கிறேன். பஞ்சு மிட்டாயில் றொடமின் பி என்ற ஆடைச் சாயம் கலந்திருந்ததால் 2024 பெப்ரவரியில் தமிழ்நாட்டில் அதன் விற்பனைக்கே தடை வந்தது. காலிமுகத்திடலில் பிள்ளைக்கு இளஞ்சிவப்பில் ஏதாவது வாங்கிக் கொடுக்கும்போது அந்தச் செய்தி நினைவுக்கு வருவது இயல்பு. ஆனால் வீட்டில் உங்களிடம் ஒப்பிடுவதற்கு றொடமின் பி இல்லை; அதை வாங்கி வைக்கவும் வேண்டாம். உங்களால் செய்யக்கூடியது, பொதியில் எழுதிய எண்ணுக்குரிய சாயத்தைப் பக்கத்தில் வைத்து ஓட்டுவது. பொதி 122 என்கிறது, ஆனால் இனிப்பின் சிவப்பு கார்மோசினோடு சேர்ந்து ஏறவில்லை என்றால், லேபலில் சொன்னதும் உள்ளே இருப்பதும் ஒன்றல்ல என்ற வலுவான சந்தேகம் எழுகிறது. உள்ளே இருப்பது நஞ்சு என்று அதிலிருந்து சொல்லிவிட முடியாது. அனுமதிக்கப்பட்ட வேறு சிவப்பாகவும் இருக்கலாம்.

மஞ்சள் தூள் விடயத்தில் கடதாசி இன்னும் கொஞ்சம் பேசும். 2020 இல் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் மஞ்சள் விலை எகிறியபோது கலப்படம் பற்றிப் பேசாத வீடே இல்லை. மஞ்சளின் நிறத்துக்குக் காரணமான குர்க்குமின் தண்ணீரில் கரையாது, மதுசாரத்தில் கரையும். கலப்படத்துக்குப் பயன்படும் மெற்றனில் யெல்லோ என்ற சாயம் தண்ணீரில் கரையக்கூடியது. ஆகவே தூளைச் சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கலக்கித் தெளியவிட்டு, தெளிந்த நீர்மத்தை மட்டும் பொட்டு வைத்துக் காயவிட்டு, தண்ணீரில் ஓட்டுங்கள். குர்க்குமின் தொடக்கக் கோட்டிலேயே உட்கார்ந்திருக்கும். ஏதாவது மஞ்சள் நிறம் தண்ணீரோடு தெளிவாக மேலேறினால் அது குர்க்குமின் அல்ல. கடதாசியைக் காயவைத்து, தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பஞ்சால் ஒற்றினால் கீழே நிற்கும் குர்க்குமின் சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவப்பதும் இதே மாற்றம்தான். மேலேறிய மஞ்சள் சுண்ணாம்பில் நிறம் மாறாமல் நின்றால் சந்தேகம் இரட்டிப்பாகிறது. நகர்ந்த இடம் ஒரு சாட்சி, நிறமாற்றம் அதைச் சாராத இன்னொரு சாட்சி.

அரிசி மாவோ கோதுமை மாவோ கலந்திருந்தால் இந்த முறை ஒன்றும் காட்டாது. மாவு கரைப்பானில் கரைவதுமில்லை, நிறமும் இல்லை. அயடீன் விட்டுப் பார்க்கலாமே என்பார்கள். மஞ்சள் கிழங்கிலேயே மாப்பொருள் நிறைய இருப்பதால் சுத்தமான மஞ்சளும் அயடீனில் கருநீலமாகும். மாப்பொருள் மணிகளின் வடிவத்தை நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பிரித்தறிய வேண்டும்.

ஒப்படைக்கு இன்னும் நேரம் இருந்தால், மையை விட்டுக் கீரைக்குப் போகச் சொல்லுங்கள். பசளி இலையைச் சிறிது அசற்றோனில் அரைத்து, அந்தச் சாற்றைப் பொட்டு வைத்து, பெற்றோலிய ஈதர் ஒன்பது பங்கு, அசற்றோன் ஒரு பங்கு கலந்த கரைப்பானில் ஆய்வுகூடத்தில் ஓட்டினால், உச்சியில் கரோற்றீனின் மஞ்சள், அதற்குக் கீழே சாந்தோபில்கள், பின்னர் குளோரோபில் ஏயின் நீலப்பச்சை, அடியில் குளோரோபில் பீயின் மஞ்சட்பச்சை என்று வரும். பக்கத்தில் சிவப்புக் கீரையையும் வையுங்கள். வெளியே சிவப்பாகத் தெரிந்தாலும் அதே பச்சைகள் அதிலும் பிரிந்து வரும். நீரை நாடும் அதன் சிவப்பு நிறமி இந்தக் கரைப்பானில் தொடக்கக் கோட்டை விட்டு அசையாது; அதே கீரைச் சாற்றைத் தண்ணீரில் எடுத்துத் தண்ணீரில் ஓட்டினால் சிவப்பு நகரும், குளோரோபில் வரவே வராது. ஒரு இலை, இரண்டு கரைப்பான்கள், தலைகீழான விளைவு. பரீட்சகர் கேட்கும் "ஏன்" என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை கிடைக்காது. ஈதர் எளிதில் தீப்பற்றும். வீட்டில், குசினிக்குப் பக்கத்தில், வேண்டவே வேண்டாம். அதற்குப் பதிலாகப் பெற்றோலைப் பயன்படுத்தும் எண்ணமும் வேண்டாம்.

நிறமற்ற பொருள்களையும் இப்படிப் பிரிக்கலாம். பொட்டைக் கண்ணுக்குத் தெரியவைக்க ஒரு வினைபொருள் தேவை. அமினோ அமிலங்களுக்கு நின்ஐதரினைத் தெளித்துச் சூடாக்கினால் ஊதாப் பொட்டுகள் தோன்றும், புரோலின் போன்ற ஓரிரண்டு மட்டும் மஞ்சளாக. கடதாசியை வெறும் விரலால் தொட்டிருந்தால், வியர்வையிலுள்ள அமினோ அமிலங்களால் உங்கள் கைரேகையும் ஊதாவாகத் தெரியும். குற்றப் புலனாய்வில் கடதாசியிலுள்ள கைரேகைகளை எடுப்பதும் இதே வினையால்தான். இது உயர்தரத்துக்கான வேலை, இப்போது மகளுக்கு வேண்டாம்.

கடைசியாக, ஒரு இனிப்பின்மீதோ மஞ்சள் பொதியின்மீதோ உண்மையாகவே சந்தேகம் வந்தால், காய்ந்த கடதாசியின் படத்தை முகநூலில் போட்டுக் கடையின் பெயரை எழுதாதீர்கள். ஜாம் போத்தல் பரிசோதனை ஒருவருடைய வியாபாரத்தைக் கெடுக்கப் போதுமான சான்று அன்று. மீதியைப் பொதியோடும் பற்றுச்சீட்டோடும் வைத்துக்கொண்டு, உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிவியுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் மாதிரி எடுத்துப் பகுப்பாய்வாளருக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு. கடையிலிருந்து அவர் புதிதாக எடுக்கும் மாதிரிதான் சட்டப்படி செல்லும். நீங்கள் பிரித்துப் பாதி பயன்படுத்திய பொதி, எங்கே தேடவேண்டும் என்று அவருக்கு வழிகாட்ட மட்டும் உதவும்.